'வாக்' வினையா, பெயரா? ஆங்கிலப் பெயர்ச்சொல் பற்றிய கேள்வி பதில்

ஆண்டு 4 படிக்கும் என் மகன், ஆள், இடம், பொருள், விலங்கு இவற்றின் பெயர்தான் 'நவுன்' என்று மனப்பாடம் செய்திருக்கிறான். 'ஹீ வென்ட் ஃபார் எ வாக்' என்ற வாக்கியத்தில் 'வாக்' நவுன் என்று ஆசிரியர் குறித்திருக்கிறார். "நடக்கிறது வினைதானேம்மா?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

மகன் கேட்டது சரியான கேள்வி. அந்த மனப்பாடம் முதலிரண்டு ஆண்டுகளுக்குப் போதும், அதற்குமேல் தாங்காது. சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் 'ஐடியா', 'ஹாப்பினஸ்', 'வாக்' எல்லாம் கைநழுவிப் போய்விடும். அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் தமிழிலேயே காட்டுங்கள். "அந்தப் படியில் உட்கார்ந்து படி." இதில் எந்தப் 'படி' பெயர், எந்தப் 'படி' வினை என்று கேளுங்கள். தயங்காமல் சொல்வான். எப்படிக் கண்டுபிடித்தான்? முதல் படிக்கு முன்னால் 'அந்த' இருக்கிறது, பின்னால் 'இல்' ஒட்டியிருக்கிறது. வேற்றுமை உருபு ஏற்பது பெயர் என்பது அவனுக்குக் காதிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் உருபு இப்படிப் பின்னால் ஒட்டுவதில்லை. பெயரைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சொற்கள் முன்னால் வருகின்றன: எ, ஆன், தி, மை, ஹிஸ், ஃபார், இன், வித். 'எ வாக்' என்று வந்துவிட்டால் அது பெயர்தான். 'ஐ வாக் டு ஸ்கூல்' என்றால் 'ஐ'க்குப் பக்கத்தில் செயலைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறது, அங்கே வினை. தமிழில் 'நட' என்பது 'நடை' என்று உருமாறிப் பெயராகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் உடை மாற்றாமலே இடம் மாறிக்கொள்கிறது. 'வாட்டர்', 'புக்', 'ஹெல்ப்' எல்லாம் அப்படித்தான்.

நான் என் மாணவர்களுக்கு பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு ஜன்னல் வெட்டிக் கொடுப்பேன். ஜன்னலுக்கு இடப்பக்கம் 'தி' என்று எழுதியிருக்கும். புத்தகத்தின்மேல் அட்டையை நகர்த்தி, ஜன்னலில் தெரியும் சொல்லை 'தி'யோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'தி டேபிள்' பொருந்தும். 'தி ஆஃபன்' பொருந்தாது. இரண்டு எச்சரிக்கைகள். 'ஐ வாக் டு ஸ்கூல்' என்பதில் 'தி வாக்' காதுக்குப் பொருந்தினாலும் அங்கே அது வினைதான், அதனால் சொல் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: 'தி பிக்' என்பதும் காதுக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு நிற்க முடியாது. 'தி பிக்... என்ன?' என்று கேட்டு, அந்த 'என்ன'வுக்குப் பதிலாக வரும் சொல்லில்தான் வட்டம் போட வேண்டும்.

'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதினால் மதிப்பெண் போகிறது. தமிழில் 'தகவல்கள்' என்கிறோமே?
– படிவம் 3 மாணவி, புக்கிட் மெர்தாஜாம்

உண்மைதான், தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' இரண்டும் சரி. அதனால்தான் இந்த இடத்தில் நமக்கு வழுக்குகிறது. ஆனால் எண்ண முடியாத பெயர் நமக்குப் புதிதல்ல. 'சோறுகள் சாப்பிட்டேன்', 'தண்ணீர்கள் குடித்தேன்' என்று யாராவது சொல்வார்களா? சோற்றைப் பார்க்கும் அதே கண்ணோடு ஆங்கிலம் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'ஹோம்வொர்க்', 'ஸ்டேஷனரி' ஆகியவற்றையும் பார்க்கிறது. நாற்காலியை எண்ணலாம், நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் சேர்ந்த 'ஃபர்னிச்சர்' ஒரு தொகுதி. அதை எண்ணுவதில்லை.

எண்ணியே ஆக வேண்டும் என்றால் மலாய்மொழி பாடத்தில் படித்த 'செகெப்பிங் ரோத்தி'யை (ஒரு துண்டு ரொட்டி) நினைத்துக்கொள். ரொட்டிக்கு முன்னால் 'கெப்பிங்' வருவதுபோல, இங்கே 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. 'எஸ்' சேர்வது 'பீஸ்' மீதுதான். இந்தப் பட்டியல் நீளமில்லை. பதினைந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் பள்ளிக் கட்டுரையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒழியும்.

பெரிய எழுத்தில் தொடங்கினால் பெயர்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாமா?
– ஜெலுத்தோங் வாசகர்

கூடாது. வாக்கியத்தின் முதல் சொல் எதுவானாலும் பெரிய எழுத்துதான். 'டேபிள்', 'கேட்' போன்ற பொதுப்பெயர்கள் சிறிய எழுத்தில் வரும். பெரிய எழுத்து சிறப்புப்பெயருக்கு உரியது. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டதிலிருந்து, இங்கே 'தி பிரிட்ஜ்' என்றால் எல்லாருக்கும் புரிந்தது. 2014இல் இரண்டாவது பாலம் வந்தபின், "எந்தப் பாலம்?" என்ற கேள்வியும் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லும் 'பினாங்கு பிரிட்ஜ்' சிறப்புப்பெயர். இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து.

'ஸ்கூல் பஸ் டிரைவர்' என்பதில் மூன்றுமே பெயர் மாதிரி இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?
– ஒரு தந்தை, நிபோங் திபால்

மூன்றும் பெயர்தான், ஆனால் தலைவர் கடைசிச் சொல். யாரைப் பற்றிப் பேசுகிறோம்? டிரைவரை. தமிழிலும் இதே வரிசைதான்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மலாயில் 'பெமாண்டு பாஸ் செகோலா' என்று அப்படியே தலைகீழாக வரும். நாளெல்லாம் மலாயில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் முதல் சொல்லைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். "தமிழ் வரிசை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், திருத்திக்கொள்வார்கள்.

தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறேன். 'கிளீனிங்' போன்ற 'இங்' சொற்கள் பெயரா, வினையா?
– பாயான் லெப்பாஸ்

இரண்டுமாக வரும். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'துடைத்தல்' என்று வந்தால் பெயர், 'துடைத்துக்கொண்டிருக்கிறார்' என்று வந்தால் வினை. 'கிளீனிங் டேக்ஸ் டென் மினிட்ஸ்' என்பதில் பத்து நிமிடம் பிடிப்பது துடைத்தல், அது தொழிற்பெயர். 'ஹீ இஸ் கிளீனிங் தி மெஷின்' என்பதில் வினை. ஐயம் வந்தால் அந்த இடத்தில் 'இட்' போட்டுப் பாருங்கள். 'இட் டேக்ஸ் டென் மினிட்ஸ்' நிற்கிறது. 'ஹீ இஸ் இட் தி மெஷின்' நிற்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பேரன் மாலையில் என்னிடம்தான் இருக்கிறான். நான் அவனுக்கு உதவ முடியுமா?
– ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

தாராளமாக முடியும், அம்மா. அவனை ஒரு வாக்கியம் படித்துத் தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். 'மை கிராண்ட்மதர் கட்ஸ் வெஜிடபிள்ஸ் வித் எ நைஃப்' என்று படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "பாட்டி கத்தியால் காய்கறியை நறுக்குகிறார்" என்பான். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "இதோடு 'ஐ' சேருமா?" என்று கேளுங்கள். பாட்டியை, கத்தியை, காய்கறியை. சேருகிறது. 'நறுக்குகிறாரை' என்று சொல்லிப் பார்க்கும்போது அவனே சிரித்துவிடுவான். 'ஐ' சேர்ந்த மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களில் அவன் பென்சிலால் வட்டம் போடட்டும்.

'எ வாக்' போன்றவை தமிழில் சொல்லும்போது 'நடக்கப் போனான்' என்று வினையாகிவிடும். அவற்றுக்கு மேலே சொன்ன ஜன்னல் அட்டை இருக்கிறது. அதைப் பேரனே வெட்டிக்கொள்ளட்டும். முதல் நாள் மூன்று வாக்கியம் போதும்.