மரத்தில் ஒரு பெருவிரல்

கேள்வி: பழங்கால மாற்றுத்திறனாளிகளின் வரலாறு பற்றிப் பயிலரங்கு நடத்துகிறார்களே, எதை வைத்துப் பேசுவார்கள்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஏட்டில் இல்லாவிட்டால் என்ன, பொருள் இருக்கிறதே! எகிப்தில் லக்சர் அருகே ஒரு கல்லறையில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய பெண்ணின் வலது காலில் மரப் பெருவிரல் கிடைத்தது. பூசாரி மகளாம். மரத்துண்டுகளைத் தோல் வாரால் கோத்து, நகம்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். சவத்துக்குச் செய்த அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. தேய்மானம் தெரிகிறது, காலுக்குப் பொருந்தப் பலமுறை திருத்தியும் இருக்கிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் நகல் செய்து, பெருவிரல் இழந்தவர்களுக்கு மாட்டி நடக்கவிட்டே பார்த்துவிட்டார். சரி, செய்தவரின் கைத்திறனை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கென்னவோ, "இன்னும் கொஞ்சம் இழைத்துக் கொடுங்கள், கடிக்கிறது" என்று அந்தப் பெண் எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருப்பார் என்றுதான் யோசனை போகிறது.