நோஷன், ஒப்சிடியன், வன்நோட்: ஆய்வுக் குறிப்புகளுக்கு எதைத் தெரிவு செய்வது?

இந்த மூன்று குறிப்பெடுக்கும் செயலிகளில் ஒப்சிடியனுக்குப் போங்கள். முதுகலை ஆய்வுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் குறிப்பெடுக்கிறேன், பத்து வருடம் கழித்தும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் இப்படிச் சொல்கிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், பெரும்பாலும் காணி உறுதிகளும் ஒப்பந்தங்களும். 2007இல் தொடங்கி ஆறேழு வருடம் என் சொற்பட்டியல் முழுவதையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தேன், அப்போது இங்கே எல்லாரும் அதைத்தான் பாவித்தார்கள். பிறகு புது மடிக்கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் நாம் அடித்தது கணினிக்குத் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்திருந்தோம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பழைய எழுத்தை இன்றைய பொதுவான யுனிகோடு எழுத்தாக்கும் மாற்றி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தமிழ் வரிகள் திரும்பி வந்தன, ஆனால் எனது பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆங்கிலச் சொல்லும் இருந்தது, மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துப் புரியாத தமிழாக்கிவிட்டது. மூன்று கிழமை உட்கார்ந்து கையால் திருத்தினேன். சில சொற்களை ஏன் அப்படி மொழிபெயர்த்தேன் என்று எழுதி வைத்த விளக்கங்கள் போனது போனதுதான்.

குறிப்பெடுக்கும் முறை பற்றித் தேடினால் நிக்லாஸ் லூமான் என்ற ஜெர்மன் சமூகவியலாளரின் பெயர் கட்டாயம் வரும். ஏறக்குறைய 90,000 காகித அட்டைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணால் இணைப்பு. எல்லாரும் அந்த இணைப்பைத்தான் வியப்பார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: அவர் 1998இல் இறந்தார், அட்டைகளை இன்றும் வெறும் கண்ணால் வாசிக்கலாம்.

ஒப்சிடியனில் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியில் ஒரு கோப்புறைக்குள் கிடக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம், பென் ட்ரைவில் போட்டு வைக்கலாம். இலவசம், 2025இலிருந்து அலுவலக வேலைக்கும்கூட. சாதனங்களுக்கிடையே ஒத்திசைக்கும் சேவைக்குத்தான் கட்டணம், அது இல்லாமலும் சமாளிக்கலாம். மூலநிரல் யாரும் பார்க்கும்படி திறந்ததாகவே வேண்டும் என்றால் ஜொப்லின், லொக்சீக் என்ற இரண்டு செயலிகளும் உண்டு.

நோஷன் மோசமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அட்டவணையை நிரப்பும் வேலைக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நீண்ட எழுத்தும் எண்ணுமாக ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். இணையமில்லாமல் வேலை செய்யும் வசதி 2025 ஆகஸ்டில்தான் வந்தது. எவர்நோட் என்ற இன்னொரு குறிப்புச் செயலியின் கதையும் தெரிந்திருக்கும்: 2022 இறுதியில் வேறு நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது, 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்டுப்புத்தகம் என்று வரம்பு வந்தது. வன்நோட், டேப்லெட்டில் பேனாவால் எழுதுகிறவர்களுக்கு அருமை, விரிவுரைக்குப் பாவியுங்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு 2022இன் பொருளாதார நெருக்கடியை மறக்க முடியாது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360 தாண்டியது, டொலரில் கட்டும் மாதச் சந்தாவின் விலை ஒரு சதம்கூட ஏறாமலேயே எனக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பானது. மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது சிக்னலும் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது, அன்று ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய உறுதியின் சொற்கள் இணையத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.

அப்புறம், தமிழில் தேடுவது. ஆங்கிலத்தில் எழுதும் ஒப்பீடுகள் இதைத் தொடுவதே இல்லை, உங்களுக்கோ தினமும் இடிக்கப்போவது இதுதான். ‘ஒப்பந்தம்’ என்று தேடினால் ‘ஒப்பந்தத்தின்’, ‘ஒப்பந்தத்தை’ எதுவும் வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது மகரம் போய்விடுகிறது. ‘ஒப்பந்த’ என்று நிறுத்தித் தேட வேண்டும். ‘வீடு’ இன்னும் சிக்கல், ‘வீட்’ என்று தேடினால் ‘வீட்டில்’ கிடைக்கும், ‘வீடு’ கிடைக்காது. அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் குறிப்பின் தலையில் முக்கியமான சொல்லை உருபு இல்லாமல் மூன்று மொழியிலும் எழுதிவிடுங்கள். நான் ‘ஒப்பந்தம்’ என்ற குறிப்பில் ‘கிவிசும’ என்பதைச் சிங்கள எழுத்திலும், பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் போட்டிருக்கிறேன். ஒப்சிடியனில் இவற்றை மாற்றுப் பெயர்களாகவே பதியலாம், பிறகு எந்த மொழியில் ஞாபகம் வந்தாலும் ஒரே குறிப்புக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

நூல் விவரங்களை இதற்குள் போட்டுக் குழப்ப வேண்டாம், அதற்கென்றே ஸொட்டேரோ என்ற மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. சரி, முடிவெடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் உண்மையான குறிப்பில் இருபதை மூன்று கருவியிலும் ஏற்றி, ஒரு கிழமை பாவித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அந்தக் கருவி நிறுவப்படாத ஒரு சிநேகிதரின் கணினியில் திறந்து பாருங்கள். தமிழும் சிங்களமும் கலந்த ஒரு குறிப்பாவது அந்த இருபதில் இருக்கட்டும்.