வீட்டு லேண்ட்லைனை இணைய வழி போனாக மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மாற்றலாமா, என்ன சிக்கல் வரும்?

மாற்றி மூன்று வருடம் ஆகிறது. தாராளமாக மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டில் இன்வெர்ட்டர் லைன் எந்தெந்த பிளக்குக்கு வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனைப் பற்றிக் கேட்டால் இவன் கரண்ட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று தோன்றும். எங்கள் வீட்டில் வந்த முதல் சண்டையே அதில்தான்.

எங்களுடையது பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற பக்கம், ஊரிலிருந்து தள்ளி, தென்னந்தோப்புக்குள் இருக்கிற தோட்டத்து வீடு. நான் வேலைக்காகக் கோவையில் இருக்கிறேன். தோட்டத்துக்கு போன் வந்தது தொண்ணூறுகளில், அப்பாரு (தாத்தா) எழுதிப்போட்டுக் காத்திருந்து வாங்கியது. 04259 என்று ஆரம்பிக்கும் அந்த எண்தான் காய் வியாபாரிகளுக்கும் கொப்பரைக் களத்துக்காரர்களுக்கும் ஒறம்பரைக்கும் (சொந்தபந்தத்துக்கும்) தெரிந்த எண். மோட்டார் ரூம் சுவரில் பெயிண்ட்டில் எழுதியிருக்கிறது. அப்பாவிடம் செல்போன் இல்லாமல் இல்லை. செல் சட்டைப்பையில் இருக்கும், சட்டை கொடியில் இருக்கும், அப்பா வாய்க்காலில் இருப்பார்.

ஆசைப்பட்டு மாற்றவில்லை. செம்புக் கம்பி செத்துப்போச்சு, வேறு வழியில்லை. மழை பெய்தால் ஒரு வாரம் கரகரப்பு, அப்புறம் ஒரு வாரம் ஊமை. பழைய லைன்மேன் ரிட்டயர் ஆனபோது எந்தக் கம்பத்தில் எந்த ஜாயிண்ட் இருக்கிறது என்ற விவரமும் அவரோடேயே போய்விட்டது. ஊருக்குள் கேபிள் டிவி நடத்துகிற தம்பி எங்கள் லேண்ட்லைன் கம்பெனிக்காகவே ஃபைபர் (வெளிச்சம் போகிற கண்ணாடி இழை ஒயர்) இழுக்க ஆரம்பித்ததும், "அதே நம்பர் அப்படியே வருமுங்க, வாடகையும் கம்மிதானுங்க" என்றான். சரியென்று எழுதிக் கொடுத்தோம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இணைய வழி போன் என்று எல்லோரும் சொல்வது மூன்று வேறு சமாச்சாரங்களை. ஒன்று, ஃபைபர் மோடத்தின் பின்னால் இருக்கிற போன் துளையில் பழைய போனையே செருகிப் பேசுவது. இதற்கு லேண்ட்லைன் எண் உண்டு, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். இரண்டு, செல்போனில் வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாக அதே செல் எண்ணில் பேசுவது. மூன்று, வாட்ஸ்அப் மாதிரி செயலியில் பேசுவது. அதில் அந்தப் பக்கமும் அதே செயலி இருந்தாக வேண்டும். நீங்கள் கேட்பது முதலாவது என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"நெட் ஸ்பீடு பத்துமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அந்தக் கவலையே வேண்டாம். நாம் பேசுவதை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது மோடம். குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட், பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற முகவரிச் சுமை எல்லாம் சேர்ந்தாலும் போக ஒரு 100, வர ஒரு 100 கிலோபிட்டுக்குள்தான். 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30,000 கிலோபிட்) பிளானே இதற்கு ஏகப்பட்டது. போதாததற்கு, குரல் போகிற பாதையைக் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். லீவுக்கு வந்த பிள்ளைகள் நாலு பேர் நாலு அறையில் வீடியோ பார்த்தபோதும் அப்பாவின் பேச்சு ஒருமுறைகூட வெட்டவில்லை. குரல் தெளிவு என்று பார்த்தால், மழைக்காலத்துச் செம்புக் கம்பியோடு ஒப்பிடவே வேண்டாம்.

இப்போது கரண்ட்டுக்கு வருகிறேன்.

பழைய போனுக்கு நம் வீட்டுக் கரண்ட் ஒரு பொட்டுகூடத் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி வரிசை வைத்து, அதே இரண்டு கம்பி வழியாக 48 வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்போது இன்னும் ஏறும். ஜாயிண்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது யாராவது கூப்பிட்டுச் 'சுரீர்' என்று வாங்கியவர்களுக்கு அது தெரியும். நாள் முழுக்க ஊரே இருண்டிருந்தாலும் போன் மட்டும் உயிரோடு இருந்தது அதனால்தான். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடத்துக்குக் கரண்ட் நாம்தான் கொடுக்க வேண்டும். மோடம் அணைந்தால் போனும் அணைந்தது.

இது எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். மாற்றிய இரண்டாவது வாரம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்குப் போன கரண்ட் பொழுது சாய்கிற நேரத்தில்தான் வந்தது. அன்றைக்குப் பார்த்து காய் வியாபாரி லாரி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். லாரி வழியில் நின்றுவிட்டது, அதைச் சொல்ல அவர் வீட்டு எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இங்கே அப்பாவும் ஆறேழு ஆட்களும் களத்தில் காய்க்குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வயரிங் செய்தபோது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் அந்த லைன் கொடுத்திருந்தார்கள். மோடம் செருகியிருந்த மூலை பிளக் அதில் சேரவில்லை.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, அப்பாரு வெச்ச போனு கரண்ட்டு இல்லாட்டியும் அடிச்சுதே. நீ வெச்சது ஏன் அடிக்க மாட்டேங்குது?" 48 வோல்ட் கதையை விளக்கப் பார்த்தேன். "அப்ப மோசமானதுக்குத்தான் மாத்தியிருக்கற" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

அந்த வாரமே ஒரு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் மோடத்துக்கு பேட்டரியிலிருந்து கொடுக்கிற சின்னப் பெட்டி, வாங்கினேன். அப்போது ஆயிரத்துச் சொச்சம் ஆனது. வாங்கும்போது மோடத்தின் அடாப்டரைத் திருப்பி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். எங்களுடையது 12 வோல்ட். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். சின்ன யூபிஎஸ் இரண்டு மூன்று மணி நேரம்தான் தாங்கும், பராமரிப்பு நாளுக்கு அது காணாது. அதனால் பிறகு எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த மூலை பிளக்குக்கும் இன்வெர்ட்டர் லைனை இழுத்துவிட்டோம். மோடம் குடிப்பது 10 வாட் அளவுக்குத்தான். 150 ஏஎச் பேட்டரிக்கு அது யானை முதுகில் ஈ. இப்போது இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் மோடம் ஆஃப் ஆகாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும் யூபிஎஸ் இருக்கிறது. கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதன் பீடத்துக்கும் கரண்ட் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நம் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஊருக்குள் கேபிள் தம்பி வைத்திருக்கிற பெட்டியில் பேட்டரி தீர்ந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

இடி விஷயத்தில் ஃபைபர் நிம்மதி. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் பழைய லைன் வழியாக மின்னல் இறங்கி இரண்டு போனும் ஒரு மோடமும் கருகியிருக்கின்றன. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. கரண்ட் பிளக் வழியாக வருவது வேறு கணக்கு, அதனால் வானம் கருத்தால் அம்மா இன்னமும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். அப்போதும் போன் இருக்காது. அதற்கு யூபிஎஸ் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

காற்றில்தான் ஃபைபர் படுத்துகிறது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மட்டை விழுந்தால் ஒயர் போச்சு. செம்பாக இருந்தால் இரண்டு முனையையும் சீவி முறுக்கி டேப் சுற்றிவிடுவோம், நானே செய்திருக்கிறேன். இழையின் கனம் 125 மைக்ரான், தலைமுடி அளவு. தம்பி மெஷின் கொண்டுவந்து, முனையைச் சுத்தமாக நறுக்கி, மின்பொறியில் உருக்கி ஒட்டினால்தான் உண்டு. அவன் வரும்வரை மோடத்தில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருக்கும். இரண்டாவது முறை அறுந்தபோது, தென்னை வரிசையை விட்டு விலக்கி வேலியோரமாகப் புது ஒயர் இழுக்கச் சொன்னோம். அதற்குப் பிறகு அறுபடவில்லை.

ஒருமுறை ஒயர் அறுபடாமலேயே போன் விட்டுவிட்டு வேலை செய்தது. தம்பி வந்து கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "வெளிச்சமே பாதி வரலீங்க" என்றான். தேடினால், தீபாவளிக்கு வீடு துடைத்த அம்மா, தொங்கிக்கொண்டிருந்த ஒயரை அழகாகச் சுருட்டி, இறுக்கிக் கட்டி, ஆணியில் மாட்டியிருக்கிறார். சின்ன வளையமாக வளைத்தால் வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும். அவிழ்த்துப் பெரிய வட்டமாக விட்டதும் சரியானது. "ஒயரு அலங்கோலமாக் கெடந்தாத்தான் போனு பேசுமாக்கும்" என்று அம்மாவுக்கு இன்றும் கோபம்.

எண் உங்களுக்கு முக்கியமென்றால் ஒன்று சொல்கிறேன், இதைத் தவறவிட்டால் திருத்த முடியாது. அதே கம்பெனியின் செம்பிலிருந்து அதே கம்பெனியின் ஃபைபருக்குப் போனால் எண் கூட வருமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வந்தது. கம்பெனியை மாற்றினால் எண் போய்விடும், செல்போனில் இருக்கிற எண் மாற்றும் வசதி நம் நாட்டில் லேண்ட்லைனுக்கு இல்லை. கோபியில் இருக்கிற மாமா மாதம் 200 ரூபாய் மிச்சம் என்று வேறு கம்பெனிக்குப் போனார். அரிசி மில் சாக்கில் அச்சடித்த எண் இப்போது யாரிடமும் அடிப்பதில்லை.

சில்லறை விஷயங்கள்: அப்பாரு காலத்துக் கறுப்பு டயல் போனைச் செருகிப் பார்த்தேன். மணி அடித்தது, எடுத்துப் பேசவும் முடிந்தது. சுழற்றினால் எண் போகவில்லை, எங்கள் மோடத்துக்கு அந்தப் பழைய பாஷை புரியவில்லை. பட்டன் போன்தான் வேண்டும். செல்லுக்குக் கூப்பிட முன்னால் 0 போடுவது 2021 ஜனவரி 15-இலிருந்து எல்லா லேண்ட்லைனுக்கும் இருக்கிற விதி, ஃபைபரிலும் அதேதான். ஃபேக்ஸ் வைத்திருப்பவர்கள் மாற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள், குரலுக்குச் செய்த பொட்டலத்தில் ஃபேக்ஸ் அடிக்கடி இடறும்.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் வைஃபை காலிங். தடித்த மண்சுவர் வீட்டுக்குள் டவர் ஒரு கோடுகூட வராது, பேங்க் ஓடிபி வாங்க அம்மா களத்துக்கு ஓடுவார். 2019 கடைசி, 2020 வாக்கில் இங்கே வைஃபை காலிங் வந்தபோது எங்களிடம் நல்ல இணையம் இல்லாததால் பயனில்லை. ஃபைபர் வந்ததும் செல்லின் செட்டிங்கில் அதை ஆன் செய்தேன். இப்போது அடுப்படியில் நின்றே பேசுகிறார், ஓடிபியும் அங்கேயே வந்துவிடுகிறது.

எங்கள் கம்பெனி ஒரு செயலியும் கொடுத்திருக்கிறது. அதைப் போட்டால் தோட்டத்து எண்ணுக்கு வருகிற அழைப்பு கோவையில் என் செல்லிலும் அடிக்கும். போன மாதம் அப்பா வாய்க்காலில் இருந்தபோது வியாபாரி கூப்பிட்டார், நான் அலுவலகத்தில் எடுத்தேன். "தம்பி, தோட்டத்துலதான் இருக்கறீங்களா? அப்பிடியே எட்டிப் பாத்து, காய் எத்தன கெடக்குதுன்னு சொல்லுங்க" என்றார். அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு அப்பாவின் செல்லுக்கு அடித்தேன். கொடியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.