ஸ்பெயினிலிருந்து வந்த நாய்: முடி கொட்டுவது அலர்ஜிதானா?

வணக்கம். மலாகா காப்பகத்தில் தத்தெடுத்த நாய்க்கு ஒரு வருடம் கழித்துக் கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிறது, நகம் வேகமாக வளர்கிறது, உடம்பு இளைக்கிறது. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய்க்கு அங்கே எடுத்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்பதால் டாக்டர் அலர்ஜி என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த நெகட்டிவை நம்பி இருந்துவிடாதீர்கள். மணல் ஈ கடித்த பிறகு லீஷ்மேனியா மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும். தென் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ் பக்கம் இது சகஜம். தொற்றிய நாய்களில் பலவற்றுக்கு அறிகுறியே இருக்காது.

நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் இதுதான். தாடைக்கு அடியிலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பொடுகு, மூக்கில் ரத்தம் வந்தால் அதையும் சொல்லுங்கள்.

ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி அளவைக் காட்டும் எலைசா என்ற பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை விடவே கூடாது, இந்த நோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் சிறுநீரகப் பாதிப்புதான். மில்டெஃபோசின், அலோபியூரினால் மருந்துகளோடு பல நாய்கள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. கிருமி முழுதாகப் போவது அரிது, அதனால் தொடர் பரிசோதனை அவசியம்.

அப்புறம், குழந்தை நாயைக் கொஞ்சுவதால் நோய் ஒட்டாது. பயப்படாதீர்கள்.