கேக் மிக்ஸில் குக்கீஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குக்கீஸ் செய்ய, கேக் மிக்ஸ் பெட்டிக்குப் பின்னால் போட்டிருந்தபடிதான் கலந்தேன். மாவு தோசை மாவாக ஓடுகிறது, உருண்டை பிடிக்கவே வரவில்லை.
– திருச்சி வாசகி

அது கேக்குக்கான அளவும்மா. குக்கீஸ் என்றால் தண்ணீர், பால் இரண்டையும் அடியோடு விட்டுவிட வேண்டும். 250 கிராம் மிக்ஸுக்கு ஒரு முட்டை, 50 மில்லி வாசனையில்லாத எண்ணெய், அவ்வளவுதான். சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் மிக்ஸிலேயே இருக்கிறது.

கலக்க ஆரம்பித்ததும் 'இது எங்கே சேரப்போகிறது' என்று உதிரியாகக் கிடக்கும். கரண்டியால் விடாமல் கிளறினால் கொஞ்ச நேரத்தில் பளபளவென்று திரளும். பொறுமையில்லாமல் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள் பாருங்கள், கெடுவது அங்கேதான். திரண்ட மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது அவசியம். இல்லாவிட்டால் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு நெல்லிக்காய் அளவு உருட்டி, இடம் விட்டு அடுக்கி, முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 175 டிகிரி செல்சியஸில் 9 அல்லது 10 நிமிடம்.

ஏற்கெனவே தண்ணீர் ஊற்றியாச்சா? பேசாமல் கேக்காகவே சுட்டுவிடுங்கள்.

அக்கா அமெரிக்காவிலிருந்து கேக் மிக்ஸ் கொண்டுவந்தாள். 'ஒரு பெட்டி, 2 முட்டை, அரை கப் எண்ணெய்' என்ற பழைய குறிப்பின்படி செய்தால் எண்ணெய் கசிகிறது.
– கோவை வாசகி

குறிப்பில் தப்பில்லை, பெட்டிதான் இளைத்துவிட்டது. அந்தக் குறிப்புகள் வந்த காலத்தில் அமெரிக்கப் பெட்டி 18.25 அவுன்ஸ், அதாவது சுமார் 517 கிராம். பிறகு 15.25 அவுன்ஸ் ஆனது. அது 432 கிராம். சில பிராண்டுகள் அதையும் குறைத்துவிட்டன. விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வித்தை பிஸ்கட் பாக்கெட்டில் நாம் பார்க்காததா! ஆகவே பெட்டியை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். 100 கிராம் மிக்ஸுக்கு 20 மில்லி எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் எந்தப் பெட்டியானாலும் சரிவரும்.

முட்டை சேர்க்க மாட்டோம். என்ன செய்வது?
– மயிலாப்பூர் வாசகி

எக்லெஸ் மிக்ஸே வாங்குங்கள். 250 கிராமுக்கு 50 கிராம் உருக்கிய வெண்ணெய். அப்புறம் முட்டைக்குப் பதிலாகப் பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, உருண்டை பிடிக்க வந்ததும் நிறுத்துங்கள்.

குக்கீஸ் மேல் உருட்டிய ஐசிங் சுகர் சுட்டதும் காணாமல் போகிறது. கடையில் மட்டும் வெள்ளையும் கறுப்புமாக எப்படி வெடித்து நிற்கிறது?
– மதுரை வாசகர்

வீட்டில் பொடித்த சர்க்கரையோ? அது சீக்கிரம் கரையும். அரை கப்புக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் கலந்து சலித்துக்கொள்ளுங்கள். சில்லென்றிருக்கும் உருண்டையை முதலில் சாதாரணச் சர்க்கரையில் லேசாகப் புரட்டி, அதன்மேல் பொடித்த சர்க்கரையை மாவே தெரியாதபடி கனமாகப் பூசுங்கள். அடியில் உள்ள சர்க்கரை, மாவின் ஈரம் மேலே ஏறாமல் கொஞ்சம் தடுக்கும். சாக்லேட் மிக்ஸிலும் ரெட் வெல்வெட்டிலும் இந்த வெடிப்பு அழகாக எடுத்துக்காட்டும். வெனிலாவில் அவ்வளவு எடுபடாது.

பத்து நிமிடத்தில் எடுத்தால் நடுவில் வேகாத மாதிரி இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் வைத்தேன், கல்லாகிவிட்டது.
– சேலம் வாசகி

பத்தாவது நிமிடமே சரி. ஓரம் இறுகி, நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் மீதி வெந்துவிடும். மொறுமொறு பிஸ்கட்தான் வேண்டுமென்றால் கேக் மிக்ஸ் அதற்கு ஏற்றதல்ல. மைதா, வெண்ணெய் வாங்கி முதலிலிருந்து செய்வதே மேல்.

பச்சை மாவைப் பிள்ளைகள் வழித்துச் சாப்பிடுகிறார்கள். முட்டை சேர்க்காததால் பரவாயில்லையா?
– தஞ்சாவூர் வாசகி

கூடாது. வேகாத மைதாவிலேயே ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். கிண்ணத்தை முதலில் கழுவப் போடுங்கள்.

சாதாரண மைக்ரோவேவில் வருமா?
– நாகர்கோவில் வாசகர்

வராது, மாவு வேகும், சிவக்காது. கன்வெக்‌ஷன் வசதி (சூடான காற்றைச் சுழலவிட்டு வேகவைப்பது) இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அதுவும் இல்லையென்றால் அடிகனமான வாணலிக்குள் ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை உள்ளே இறக்குங்கள். சிறு தீயில் கால் மணி நேரம் பிடிக்கும். அடிப்பக்கம் சிவந்தாலே பதம் வந்தாச்சு, மேலே நிறம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.