இரண்டு டீஃபால்ட், ஒரு கணினி: லினக்ஸ் நெட்வொர்க் கேள்வி-பதில்

கேள்வி அனுப்பியவர்களில் சிலர், கணினியின் நெட்வொர்க் வழிகளைப் பட்டியலிடும் 'ஐபி ரூட்' கட்டளை காட்டியதையும் சேர்த்தே அனுப்பியிருந்தீர்கள். நன்றி. பாதிப் பதில் அதிலேயே இருந்தது.

கேள்வி: வைஃபையில் இணையம் நன்றாக ஓடுகிறது. கோப்புகள் வைப்பதற்காக ஒரு பழைய ரௌட்டரில் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறேன். அதற்கு லேன் கேபிள் செருகியதும் இணையம் போய்விடுகிறது. அதே கேபிளை அண்ணன் லேப்டாப்பில் செருகினால் ஒன்றும் ஆவதில்லை. அதிலும் லினக்ஸ்தான். என் கணினியில் என்ன கோளாறு?

பதில்: கோளாறு இல்லை, கணினி வழி தவறிப் போகிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் 'டீஃபால்ட்' (வெளியே போவதற்கான வழி) என்று தொடங்கும் வரிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 192.168.1.1 வழியாக, வைஃபையில். வரியின் கடைசியில் மெட்ரிக் 600. இன்னொன்று 192.168.0.1 வழியாக, கேபிளில், மெட்ரிக் 100. மெட்ரிக் என்பது வழிக்கான முன்னுரிமை எண்; எதில் அது குறைவோ அந்த வழியைத்தான் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எடுக்கும். கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்பது, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் வழக்கம். உங்கள் பழைய ரௌட்டரோ டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் முகவரி கொடுக்கும்போதே, 'வெளியே போவதென்றால் என் வழியாகப் போ' என்றும் சொல்லிவிடுகிறது. கணினி அதை நம்பிப் போகிறது. அங்கே இணையம் ஏது?

அண்ணன் லேப்டாப்பில் இணைய இணைப்புச் சோதனை இயங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஓர் இணைப்பில் இணையம் இல்லை என்று தெரிந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதன் மெட்ரிக்கோடு 20000 கூட்டிவிடும். 100 என்பது 20100 ஆனதும் வைஃபை முந்திக்கொள்ளும்.

உங்கள் கணினியில், கேபிள் இணைப்பின் அமைப்புகளில் ஐபிவி4 பக்கத்தைத் திறங்கள். இந்த இணைப்பை அதன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் செய்து, கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். மெட்ரிக் எண்ணை மாற்றினாலும் வேலை நடக்கும். ஆனால் வைஃபை அறுந்த நேரத்தில் கணினி மறுபடியும் பழைய ரௌட்டரிடம்தான் போய் நிற்கும். அதனால் டிக் பெட்டியே மேல்.

கேள்வி: 1.1.1.1க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. எந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்தாலும் திறப்பதில்லை. தளப் பெயர்களை யாரிடம் கேட்பது என்று குறித்திருக்கும் ரிசால்வ் கோப்பில் 127.0.0.53 என்று இருக்கிறது. இது வைரஸா?

பதில்: இல்லை, பயப்பட வேண்டாம். அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும், பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சிஸ்டம்டி ரிசால்வ்டின் முகவரி. அந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள்; திருத்தினாலும் பெரும்பாலும் நிலைக்காது. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்து, உண்மையில் எந்த டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்லும்) சர்வரைக் கேட்கிறது என்று பாருங்கள். பாதியில் அறுந்துபோன விபிஎன் (இணையம் வழியே இன்னொரு நெட்வொர்க்கில் சேரும் இணைப்பு) விட்டுச்சென்ற முகவரி அங்கே உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் விபிஎன்னை முறையாக நிறுத்திவிட்டு, வைஃபையைத் துண்டித்து இணைத்தாலே போதும்.

கேள்வி: புது ரௌட்டர் மாற்றியதிலிருந்து சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிங் எல்லாவற்றுக்கும் போகிறது. மூன்று நாளாக மண்டை காய்கிறது.

பதில்: பிங் போவதுதான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. பிங் அனுப்புவது சின்னத் தரவுப் பொட்டலம். ஒரு தளம் தான் யார் என்று காட்டும் சான்றிதழை அனுப்பும்போது வருபவை முழு அளவுப் பொட்டலங்கள். ஈதர்நெட்டில் அதிகபட்ச அளவு, அதாவது எம்டியூ, 1500 பைட். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ (இணைய நிறுவனத்திடம் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைவது) வகை என்றால் அதற்கே 8 பைட் போய்விடும், மீதி 1492. பெரிய பொட்டலம் அதில் நுழையாதபோது 'அளவைக் குறை' என்ற ஐசிஎம்பி (நெட்வொர்க் அறிவிப்பு) செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் அதைத் தடுத்துவிட்டால் சர்வருக்கு விஷயமே தெரியாது. அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பும். நீங்கள் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சோதிப்பது சுலபம். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டும் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போகிறதா? 1464, 28 கூட்டினால் 1492. பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரி, மருந்து? ரௌட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற, பொட்டல அளவைத் தானே குறைத்துக் கேட்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துச் சரியாகும். இல்லையென்றால் உங்கள் கணினியின் எம்டியூவை 1492 ஆக்குங்கள். இணைப்பு தொடங்கும்போதே கணினி சர்வரிடம் சின்ன அளவைக் கேட்டுவிடும்.

கேள்வி: விபிஎன் இணைந்துவிடுகிறது, ஆனால் அலுவலகத்தில் இருக்கும் 192.168.1.20 கிடைப்பதில்லை. வீட்டு ரௌட்டர் 192.168.1.1.

பதில்: பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே எண் வரிசை. 'ஐபி ரூட் கெட் 192.168.1.20' கொடுத்துப் பாருங்கள், விபிஎன்னுக்குப் பதில் வைஃபையைக் காட்டும். உங்கள் கணினி அந்தச் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. அலுவலகத்தை மாற்ற முடியாது, வீட்டை மாற்றுங்கள்: 192.168.87.1 மாதிரி யாரும் அதிகம் தொடாத வரிசை. டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அது வழக்கமாக 172.17.0.0 வரிசையை எடுத்துக்கொள்ளும். அலுவலகத்திலும் அதே வரிசை இருந்தால் இதே மோதல்தான்.

கேள்வி: எனக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருக்கிறது.

பதில்: டிஹெச்சிபி பதில் தரவில்லை, அதனால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளையும் ரௌட்டரின் டிஹெச்சிபி அமைப்பையும் பாருங்கள்.

கேள்வி: ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்புவது) சரியாகப் போட்டும் வெளியிலிருந்து என் லினக்ஸ் சர்வரைத் தொட முடியவில்லை.

பதில்: ரௌட்டரின் வான் (இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வருவது அவர்கள் வாசலிலேயே நின்றுவிடும்; உங்கள் ரௌட்டரில் என்ன எழுதினாலும் பலன் இல்லை. பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள். அல்லது ஐபிவி6 (புது வகை முகவரி) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஃபயர்வாலில் வேண்டிய போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு ஒயர்கார்ட் (ஒரு விபிஎன் மென்பொருள்) சுரங்கம் போடுங்கள். இணைப்பை வீட்டுப் பக்கம்தான் தொடங்க வேண்டும். இடையில் தொடர்பு அணைந்துவிடாமல் இருக்க, 25 விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள்.