குறைமாதப் பிள்ளையின் பிடிஏ: வாசலில் விற்கும் ஊசி வேண்டுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தகப்பன் கேட்கிறார்: "பிள்ளை 29ஆவது கிழமையில் பிறந்தார், 1100 கிராம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பேபி ரூமில் இருக்கிறார். எக்கோ (இருதய ஸ்கான்) பார்த்துவிட்டு, இருதயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் மூடவில்லை, பிடிஏ என்று சொல்லி புரூஃபன் பாணி கொடுக்கிறார்கள். பாணி வேலை செய்யாது, 85 ஆயிரம் தந்தால் கொழும்பிலிருந்து ஊசி எடுத்துத் தருகிறேன் என்று வாசலில் ஒருவர் சொல்கிறார். எடுக்கவா?"

எடுக்க வேண்டாம், தம்பி. முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

தாயின் வயிற்றில் பிள்ளையின் நுரையீரலுக்கு வேலையில்லை. அங்கே போக வேண்டிய இரத்தத்தை இந்தக் குழாய் உடலுக்குத் திருப்பிவிடும். மாதம் நிறைந்து பிறந்தால் இரண்டு மூன்று நாளில் தானாக மூடிக்கொள்ளும். குறைமாதத்தில் திறந்தே கிடந்தால் இரத்தம் நுரையீரலுக்குள் கூடுதலாகப் பாய்ந்து மூச்சு வாங்கும். குழாயைத் திறந்து வைத்திருப்பது உடலில் சுரக்கும் புரொஸ்டாகிளான்டின் என்ற பொருள். அதைக் குறைப்பதுதான் புரூஃபனின் வேலை. வழக்கமாக ஒரு நாள் இடைவெளியில் மூன்று வேளை: முதலில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பிறகு இரண்டு தரம் 5. மூக்கு ரியூப் வழியே வயிற்றுக்குப் போகும் பாணி ஊசியை விடக் குறைந்ததல்ல. ஆய்வுகளில் அது பார்த்தாயிற்று.

வாசல்காரருக்கு இதெல்லாம் தெரியவேண்டியதில்லை, உங்கள் முகத்தில் உள்ள பயம் தெரிந்தால் போதும். எங்கிருந்து வந்தது, காலாவதியானதா என்று தெரியாத ஒரு குப்பியை 1100 கிராம் பிள்ளைக்கு எந்த வோட்டிலும் ஏற்றமாட்டார்கள். காசு போனது போனதுதான். இந்த ஆட்கள் பிழைக்க டொக்டர்களான நாங்களும் ஒரு காரணம். மருந்தின் பெயரைத் துண்டில் எழுதி "வெளியில் வாங்குங்க" என்று கையில் திணித்துவிட்டு, எதற்கு, எவ்வளவு என்று இரண்டு நிமிடம் நின்று சொல்லாவிட்டால் தகப்பன் வாசலில் நிற்பவரிடம்தான் போய்க் கேட்பார். துண்டு தந்தால் அதிலேயே வோட் டொக்டரின் கையெழுத்தைக் கேளுங்கள், பாமசியில் பில்லோடு வாங்குங்கள்.

இன்னொன்று. எக்கோ பார்க்காமல் இந்த மருந்தைத் தொடக்கூடாது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருதயத்தின் வேறு வழி அடைபட்டிருக்கும். அவர்களுக்கு உடலுக்கோ நுரையீரலுக்கோ இரத்தம் போவதே இந்தக் குழாயால்தான். அதை மூடினால் உயிர் போகும். அந்தப் பிள்ளைக்கு மருந்தே எதிர்மாறானது: குழாயைத் திறந்து வைக்க புரொஸ்டாகிளான்டினை ஊசியில் கொடுப்போம். அரிதுதான், ஆனாலும் நூறு தரம் சொல்வேன். "பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை எங்கட பிள்ளைக்கு ஏன் இன்னும் கொடுக்கல்ல" என்று மிஸ்ஸியோடு சண்டை பிடிக்காதீர்கள். பிள்ளைகளின் எக்கோ பார்க்கத் தெரிந்தவர்கள் கிழக்கில் இன்னும் கூட வேண்டும். அதற்குச் சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன்.

மருந்து போகும் நாட்களில் மூத்திரம் குறைகிறதா, வயிறு ஊதுகிறதா, மலத்தில் இரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். நப்பி நனையாமல் கிடந்தால் உடனே சொல்லுங்கள். சிறுநீரகமோ, இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளோ சரியில்லாவிட்டால் பரசிட்டமோலுக்கு மாற்றுவார்கள். அதையும் அளந்துதான் கொடுப்பார்கள், வீட்டில் பனடோல் பாணி ஊற்றுவது போல அல்ல.

மூன்று வேளையிலும் மூடாவிட்டால் இன்னொரு சுற்று கொடுக்கலாம், பொறுத்தும் பார்க்கலாம். 29 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைகளில் நடந்து 2023, 2024இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், முந்திக்கொண்டு புரூஃபன் கொடுத்ததால் இறப்போ நாட்பட்ட நுரையீரல் நோயோ குறையவில்லை. ஆகவே "பொறுப்போம்" என்று டொக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். சத்திரசிகிச்சை தேவைப்படும் பிள்ளைகள் குறைவு. தேவைப்பட்டால் கொழும்பு லேடி றிட்ஜ்வே போன்ற அரச வைத்தியசாலைக்கு வோட்டிலிருந்தே கடிதத்தோடு அனுப்புவார்கள். கட்டில் பிடித்துத் தர யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு விடும்போது அடுத்த எக்கோ திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.